மஹானின் தாக்கத்தை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“இந்தியப் பெருங்கடலைக் கையில் வைத்திருப்பவரே ஆசியாவை ஆள்வார், 21-ஆம் நூற்றாண்டில் உலகின் தலைவிதி இந்தக் கடலில்தான் முடிவாகும்.” இந்தியக் கடற்படை பற்றிய கட்டுரைகளிலும் உரைகளிலும் இந்த வரி அடிக்கடி வரும். சொன்னவர் அமெரிக்கக் கடற்படை வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் தேயர் மஹான் என்று போட்டிருப்பார்கள். ஆனால் அவர் எழுதியவற்றில் இந்த வரி இல்லை. தேடிப் பார்த்த ஆய்வாளர்களுக்கும் மூலம் அகப்படவில்லை. இருந்தும் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எடுத்தெழுத, அது இன்னும் உலவிக்கொண்டே இருக்கிறது. மஹானைப் பற்றி எழுத உட்காருபவர்கள் முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான்: மேற்கோளை அவருடைய நூலில் பார்க்காமல் எழுதாதீர்கள்.

அடுத்த தவறு காலவரிசையில் நடப்பது. 1660 முதல் 1783 வரையிலான போர்களில் கடல் வலிமை என்ன செய்தது என்று ஆராயும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1890 மே மாதம் வந்தது. அதே ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, மூன்று போர்க்கப்பல்கள் கட்ட அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் சட்டமானது. உடனே, “புத்தகம் வந்தது, கடற்படை வளர்ந்தது” என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அமெரிக்கக் கடற்படைச் செயலர் பெஞ்சமின் ட்ரேசி 1889-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே பெரிய போர்க்கப்பல்களைக் கேட்டுவிட்டார். அப்படியானால் மஹானுக்குப் பங்கே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் நியூபோர்ட்டில் உள்ள கடற்படைப் போர்க் கல்லூரியில் அவர் 1886 முதலே விரிவுரை நடத்திவந்தார். நூலே அந்த விரிவுரைகளிலிருந்து பிறந்ததுதான். அச்சில் வந்த நாளை மட்டும் தொடக்கமாக வைத்தால், வகுப்பறை வழியாகப் பரவியது கணக்கிலேயே வராமல் போய்விடும்.

புகழ்ந்து பேசியதைச் சான்றாக எடுத்துக்கொள்வது இன்னொரு சறுக்கல். ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1894-இல் அனுப்பிய தந்தியில், மஹானின் நூலைப் படிக்கவில்லை, விழுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னது உண்மை. 1898-இலும் 1900-இலும் ஜெர்மனி கடற்படைச் சட்டங்கள் போட்டதும் உண்மை. ஆனால் அந்தச் சட்டங்களை வடிவமைத்த ஜெர்மன் கடற்படை அமைச்சர் டிர்பிட்ஸ், போர்க்கப்பல் படை பற்றித் தனக்கென ஒரு சிந்தனை வைத்திருந்தவர். பிரிட்டனோடு இருந்த போட்டியும் உள்நாட்டு அரசியலும் அவரைத் தள்ளின. மஹானின் பெயர் அவருக்கு நல்ல ஆதரவாக அமைந்தது. ஒரு கருத்தை உருவாக்குவதும், ஏற்கெனவே இருக்கும் கருத்துக்குப் பெருமை சேர்ப்பதும் ஒன்றல்ல. எது நடந்தது என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது வேறொன்று. தாக்கம் என்றால் நூல் முழுவதும் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். மஹான் 1892-இல் பிரெஞ்சுப் புரட்சிக் காலப் போர்களைப் பற்றி அடுத்த நூல் எழுதினார். கொள்ளைக் கப்பல்களை ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட, வணிகக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்துப் பாதுகாப்போடு அனுப்புவதே, முறையாகச் செய்தால், நல்ல பலன் தரும் என்று அதில் வெளிப்படையாகவே சொன்னார். பிரிட்டனில் அவரைக் கொண்டாடினார்கள். 1894-இல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் கௌரவப் பட்டம் கொடுத்தன. ஆனால் முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை வேட்டையாடியபோது, பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை அந்தப் பாடத்தைப் பொதுவான நடைமுறையாக ஏற்க 1917 வரை ஆனது. அந்த ஆண்டு ஏப்ரலில் மட்டும் நேச நாடுகளும் நடுநிலை நாடுகளும் சேர்ந்து இழந்த கப்பல்கள் 8 லட்சம் டன்னைத் தாண்டின. பெரிய கடற்படை, தீர்மானமான ஒரே சண்டை என்ற பகுதியை எடுத்துக்கொண்டு, கைகொடுத்திருக்கக்கூடிய பக்கத்தை விட்டுவிட்டார்கள். ஒரு ஆய்வின் தாக்கத்தை அளக்கும்போது, யாரும் எடுத்துக்கொள்ளாத பக்கங்களையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நாமும் அப்படித்தான் படிக்கிறோம். 1890 நூலின் 14 அத்தியாயங்களில் முதலாவதில் மட்டுமே நில அமைவு, கடற்கரையின் இயல்பு, மக்கள் தொகை, ஆட்சியின் தன்மை உள்ளிட்ட ஆறு கூறுகளின் பட்டியல் வருகிறது. பாடநூல்களில் மஹான் என்றால் அந்தப் பட்டியல்தான். மற்றப் பெரும்பகுதி போர்களின் விரிவான வரலாறு. மஹான் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டார் என்று 1997-இல் வரலாற்றாசிரியர் ஜான் சுமிடா ஒரு முழு நூலே எழுத வேண்டியிருந்தது.

அப்புறம், எதிர்த்தவர்களை விட்டுவிடாதீர்கள். கடற்போர் என்பது தரைப்போரோடும் அரசியலோடும் சேர்ந்தது என்று 1911-இல் வாதிட்ட பிரிட்டிஷ் கடற்படை வரலாற்றாசிரியர் ஜூலியன் கார்பெட், ரயில்பாதைகளால் உள்நாட்டு நிலப்பரப்பு வலிமை பெறுகிறது என்று 1904-இல் சொன்ன பிரிட்டிஷ் புவியியலாளர் ஹால்ஃபோர்ட் மக்கிண்டர் ஆகியோரையும் சேர்த்துப் பார்த்தால்தான் மஹான் எழுப்பிய விவாதத்தின் அளவு தெரியும்.

ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1896-இலேயே மஹானின் 1890 நூலின் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. மறு ஆண்டு அமெரிக்கா போன ஜப்பானியக் கடற்படை அதிகாரி அகியாமா சநேயுகி மஹானை நேரில் சந்தித்தார். ஆனால் 1898-இல் ஸ்பெயின்-அமெரிக்கப் போரில் கியூபாவின் சாண்டியாகோ துறைமுகம் முற்றுகையிடப்பட்டதைக் கண்ணால் பார்த்தவரும் அவர்தான். ஜப்பானின் பழைய கடற்படைச் சுவடிகளைத் தேடிப் படித்தவரும் அவர்தான். 1905-இல் சுஷிமாவில் ரஷ்யக் கப்பற்படையை வென்ற திட்டத்தில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வெற்றியை மஹானின் கணக்கில் மட்டும் எழுதினால், அகியாமா பார்த்ததையும் படித்ததையும் அழித்துவிடுகிறோம்.