லென்ஸா, லேசரா: என் அனுபவம்

எனக்கு இரு கண்களிலும் மைனஸ் 6.5 பவர். மாதாந்திர கான்டாக்ட் லென்ஸ் அணிந்து வந்ததில், மாலையானால் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும் என்பதால், லேசர் சிகிச்சைதான் வழி என்று ஏறக்குறைய முடிவு செய்துகொண்டே மருத்துவரிடம் சென்றேன். லென்ஸ், கண்ணின் முன்புறமுள்ள ஒளி ஊடுருவும் கருவிழிப்படலத்தின் வடிவத்தைச் சற்றே மாற்றிவிடும் என்பதால், இரண்டு வாரம் அதைக் கழற்றி வைத்த பிறகே அளவெடுத்தார்கள். அந்நாட்களில் பழைய கண்ணாடியோடு பேருந்து எண் தெரியாமல் நான் திண்டாடியது தனிக்கதை.

பொதுவாக 540 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் இருக்கும் கருவிழிப்படலம் எனக்கு 480 தான் இருந்தது. லேசிக் எனும் லேசர் சிகிச்சை முறையில் மேலே ஏறத்தாழ 110 மைக்ரானை மடிப்பாகத் திறந்து, அதன் கீழே பவரின் அலகான டயாப்டர் ஒன்றுக்குச் சுமார் 13 மைக்ரான் வீதம் செதுக்கினால், எனக்கு அடியில் மிஞ்சுவது 285 மட்டுமே. மருத்துவர் 300க்குக் குறைவதை விரும்பவில்லை. கண் வறட்சியும் கூடக்கூடும் என்று எச்சரித்தார்.

ஆகவே, ஒரே நாளில் எறிந்துவிடும் லென்ஸுக்கு மாறினேன். செலவு கூடுதல்தான், ஆனால் எட்டு மணி நேரத்தோடு கழற்றிவிடும் பழக்கமும் சேர்ந்துகொள்ள, ஒரு மாதத்துக்குள் உறுத்தல் நின்றுவிட்டது.