எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை ஓட்டிப் பார்க்கும்போது

ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இருவராக ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள், அதுவும் பேட்டரியை மிச்சப்படுத்தும் ஈகோ (Eco) மோடில். தினமும் ஓட்டப்போவது பெரும்பாலும் அதில்தான். ஸ்போர்ட் மோடில் எந்த வண்டியும் நன்றாகத்தான் இழுக்கும்.

டிவிஎஸ் ஐக்யூபில் மோட்டார் பின்சக்கரத்திலேயே இருக்கிறது. ஏத்தர் 450-இல் பெல்ட் வழியாகச் சக்கரம் சுழல்கிறது. இரண்டையும் ஓட்டி, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வேகம் எப்படிக் குறைகிறது என்று கவனியுங்கள். மோட்டாரே வேகத்தைக் குறைத்து, பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜைத் திருப்பும் அந்த ரீஜென் பிரேக்கிங் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். ஓட்டினால்தான் தெரியும்.

அப்புறம், உங்கள் ஹெல்மெட் சீட்டுக்கு அடியில் நுழைகிறதா என்றும் வைத்துப் பாருங்கள்.