சென்னை – பலாலி: பறப்பது ஒன்றே கால் மணித்தியாலம்தான்

சென்னைக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலிக்கும் நேர்க்கோட்டில் சுமார் 360 கிலோமீட்டர். சின்ன ஏ.டி.ஆர் விமானம், ஒன்றே கால் மணித்தியாலத்தில் இறக்கிவிடும். கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியும் ஏறக்குறைய இதே தூரம்தான், ஆனால் வாகனத்தில் ஏழெட்டு மணித்தியாலம் குலுங்க வேண்டும். லண்டனிலிருந்து பறந்து வந்த உடம்புக்கு அது தாங்காது என்றுதான் நம்மவர் பலரும் சென்னை வழி பார்க்கிறார்கள். 2025இல் திருச்சியிலிருந்தும் சேவை வந்தது. அது 200 கிலோமீட்டர்கூட இல்லை.

1947இல் ஏர் சிலோனின் முதல் விமானமே பலாலிப் பக்கத்துக் காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. அப்புறம் போர் வந்தது. 2019 அக்டோபரில் பலாலி திறந்து, கொரோனாவில் மூடி, 2022 டிசம்பரில் சேவை மறுபடி தொடங்கியது. அதனால் பலாலி விமானம் அந்த வாரம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே லண்டன் டிக்கெட்டை வாங்குங்கள்.

இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்றால் சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா கட்டாயம். திரும்பும்போதும் சென்னை வழிதான் என்றால் இரண்டு தடவை நுழைய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கைக்குள் நுழைய இணையத்தில் எடுக்கும் ஈ.டி.ஏ அனுமதி வேறு.

இனி முக்கியமானது: சென்னையில் தங்கப்போவதாக ஊரில் வாய் திறக்காதீர்கள்.

தன் மகளின் கல்யாணத்துக்கென்று என் சித்தி வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பினா. முதலில் கூறைச்சேலை மட்டும். பிறகு மாப்பிள்ளை வீட்டாருக்குச் சேலைகள், வெள்ளிச் செம்பு, கடைசியாக ஒரு சோடி பித்தளைக் குத்துவிளக்கு. "ஒரு மணித்தியாலப் பயணம்தானே தம்பி, அதுக்கு என்ன பாரம்?" தி. நகர் வெயிலில் ஒரு பகல் முழுக்கப் போனது.

லண்டன் விமானம் அனுமதித்த எடையைச் சின்ன விமானம் அனுமதிக்காது. கவுண்டரில் தராசைப் பார்த்த பெண், குறையுங்கள் என்றா. தரையில் குந்தியிருந்து பெட்டியைத் திறந்தேன். விளக்கைக் கழற்றி, தண்டை ஒரு பையிலும் அடித்தட்டை இன்னொன்றிலும் வைத்தேன். மேலே இருக்கும் அன்னத்தை என் காலுறைக்குள் செருகினேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கைப்பெட்டியும் தப்பவில்லை, அந்த விமானத்தில் மேல்தட்டு அவ்வளவு சின்னது. கூடுதல் எடைக்குக் கட்டிய காசு விளக்கின் விலையைத் தாண்டியது. பலாலியில் சுங்க அதிகாரி சேலைகளை ஒவ்வொன்றாக விரித்து, விற்கவா என்று கேட்டார்.

சித்தி விளக்கைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் உயரமாய் எடுத்திருக்கலாம்" என்றா.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது சித்தி. நான் மாதம் தவறாமல் காசு அனுப்பினேன், அவ்வளவுதான். அவ கேட்டால் தேரையே தூக்கலாம், ஏ.டி.ஆர் தூக்காது. கேட்கும் சொந்தத்துக்கு யாழ்ப்பாணக் கடையிலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். விலை கூடத்தான், ஆனால் தராசில் ஏற்ற வேண்டியதில்லை.

திரும்பும்போது சென்னையில் ஒரு இரவு விட்டு லண்டன் விமானத்தைப் போடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் சின்ன விமானம் தாமதமானால், தனி டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.