பிராக்சிமாவைக் குறித்துப் பேசுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதக் கடைசியில், மேகம் விலகிய இரவு பத்தரை மணியளவில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பனங்காட்டில் நின்று தெற்கே நோக்கினால், நெல்லியாம்பதி மலை மறிக்காத இடமாக இருக்கும் பட்சத்தில், அடிவானுக்கு மேல் சுமார் 18 பாகை உயரத்தில் ஆல்ஃபா சென்டாரி ஒளிர்வதைக் காணலாம். சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் என்று பிள்ளைகளுக்கு அதையே காட்டிவிடுகிறோம். அந்தப் பெயருக்கு உரிய பிராக்சிமா சென்டாரி அதிலிருந்து இரண்டு பாகை தள்ளி இருக்கிறது. 4.24 ஒளியாண்டுத் தொலைவில்தான் இருக்கிறது என்றாலும், வெறுங்கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான விண்மீனைவிட அது நூறு மடங்கு மங்கலானது. 1915-இல்தான் வானியலாளர் ராபர்ட் இன்னஸ் தென்னாப்பிரிக்காவிலிருந்து அதைக் கண்டறிந்தார்.

பிராக்சிமா சிவப்புக் குறுவிண்மீன், அதாவது சிறிய, மங்கலான, சிவந்த விண்மீன். அதே நேரத்தில் தென்கிழக்கே சிவந்து தெரியும் கேட்டையை அவ்வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதும் பிழை. கேட்டை மாபெரும் விண்மீன். பிராக்சிமாவின் நிறையோ சூரியனின் நிறையில் எட்டில் ஒரு பங்குதான்.

கோள்களுக்கு வரும்போதுதான் பிழைகள் மலிகின்றன. பிராக்சிமாவைச் சுற்றுவதாக 2016-இல் அறிவிக்கப்பட்ட பிராக்சிமா பி கோளின் செம்பாறை நிலத்தையும் கடலையும் காட்டும் படங்கள் அனைத்தும் ஓவியங்களே. அவற்றை ஒளிப்படம் என்று பகிரக்கூடாது. அந்தக் கோளை எவரும் கண்டதில்லை. கோளின் ஈர்ப்பால் விண்மீன் முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவின் வேகம் ஒரு மனிதர் நடக்கும் வேகத்தை ஒத்தது. சிலியிலுள்ள தொலைநோக்கியில் விண்மீனின் நிறமாலைக் கோடுகள் (அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்) 11.2 நாளுக்கு ஒருமுறை இம்மியளவு இடம் மாறி மீள்வதை அளந்தே கோள் இருப்பதை உய்த்துணர்ந்தார்கள். என்னைப் பொறுத்தவரை எந்த ஓவியத்தையும்விட வியப்பூட்டுவது இந்த அளவீடுதான். சுற்றுப்பாதையின் சாய்வு தெரியாத நிலையில் இம்முறை தருவது குறைந்தபட்ச நிறையை மட்டுமே. ஆகவே "புவியின் அளவுள்ள கோள்" என்று எழுதாமல், "குறைந்தது புவியின் நிறையை ஒத்த கோள்" என்று எழுதுவதே முறை. 2022-இல் பட்டியலில் சேர்ந்த பிராக்சிமா டி கோள் இன்னும் சிறியது. பிராக்சிமா சி எனப்படும் கோளை ஐயத்துக்குரியதாகவே குறிப்பிட வேண்டும்.

"வாழத்தக்க மண்டலம்" என்ற சொல்லையும் உயிர் இருப்பதற்கான சான்றாகக் கொள்ளக்கூடாது. தரையில் நீர் திரவமாக இருக்கத்தக்க தொலைவு என்பதே அதன் பொருள். வளிமண்டலம் உண்டா என்பதை அது சொல்லாது. பிராக்சிமா அடிக்கடி சீறும் விண்மீன். 2016 மார்ச்சில் எழுந்த ஒரு சுடர்வெடிப்பில் அதன் ஒளி ஏறத்தாழ 68 மடங்கு உயர்ந்தது. சூரியனுக்கும் நமக்கும் இடையிலுள்ள தொலைவில் இருபதில் ஒரு பங்கே தன் விண்மீனிலிருந்து விலகியுள்ள பி கோள் அந்தக் கதிர்வீச்சுக்கு மிக அருகிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.