வால்ஐ கோலுக்குப் பிளாங்க் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் ஏரிகளின் மேல் பனிக்கட்டி இளகத் தொடங்கும்போது, சொந்தமாகத் தூண்டில் கோல் கட்ட ஆசைப்படும் இரண்டு மூன்று பேராவது நீண்ட அட்டைக் குழாய்களைச் சுமந்துகொண்டு கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள என் வீட்டின் நிலவறைப் பட்டறைக்கு வருகிறார்கள். குழாயைத் திறந்து, உள்ளே இருக்கும் பிளாங்க்கை உருவி என் கையில் கொடுத்து, "நல்ல பிளாங்க்தானே?" என்று கேட்கிறார்கள். பிளாங்க் என்பது தூண்டில் நரம்பு ஓடும் வளையமும் பிடியும் ஏறாத வெறும் கோல். கார்பன் இழைத் துணியை எஃகு அச்சின் மேல் பிசினோடு சுற்றி, சூளையில் வேகவைத்து, அச்சை உருவியபின் மிஞ்சும் குழாய். எதற்கு வாங்கினீர்கள் என்று நான் கேட்டால், "வால்ஐ மீன் பிடிக்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. நானும் தொடக்கத்தில் இதே பதிலை வைத்துக்கொண்டுதான் பிளாங்க் வாங்கினேன். அதனால் நேர்ந்த இழப்பை இவர்களும் அனுபவிக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நூல் சுற்று பிரிவது, எபாக்சிப் பசையில் குமிழி நிற்பது, வளையம் கோணுவது போன்ற தவறுகளை இங்கே பேசப் போவதில்லை. ஒரு பிளேடும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் அவற்றைத் திருத்திவிடலாம்.

முதலில் மீனைப் பற்றி ஒரு வார்த்தை. வால்ஐ (ஒன்டாரியோக்காரர்கள் இதைப் பிக்கரல் என்பார்கள்) மங்கிய ஒளியில் இரை தேடும் மீன். அதன் கண்ணுக்குள் இருக்கும் ஒளி எதிரொளிக்கும் படலம், அந்தியிலும் கலங்கிய நீரிலும் அதற்குப் பார்வை கொடுக்கிறது. தரையை ஒட்டி நின்றுகொண்டு, வாயைத் திறந்து நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் கைக்கு வந்து சேர்வது மணிக்கூண்டு அடிப்பது போன்ற இழுப்பு அல்ல. நகத்தால் கார்க் பிடியை ஒருமுறை சுண்டியது போன்ற ஒரு தட்டு, அல்லது ஜிக்கின் (எடைத் தலை பொருத்திய முள்ளின்) எடை திடீரென்று காணாமல் போன ஓர் உணர்வு, அவ்வளவுதான். நல்ல ஜிக் பிளாங்க்கின் வேலை அந்தத் தட்டை உங்கள் கை வரை கொண்டுவருவதும், மீன் இரையைத் துப்புவதற்கு முன் ஒரு கணம் வளைந்துகொடுப்பதும் ஆகும்.

மீன்பிடி முறையைத் தீர்மானிக்காமல் பிளாங்க் தேடுவது

வால்ஐ கோல் என்று ஒரே ஒரு கோல் கிடையாது. அமைதியான விரிகுடாவில் எட்டில் ஒரு அவுன்ஸ், அதாவது மூன்றரை கிராம் ஜிக்கைத் தரையில் தொட்டுத் தொட்டு எடுப்பவருக்கு, ஆறரை அடி நீளத்தில் மெல்லிய நுனியுள்ள மீடியம் லைட் (நடுத்தரத்தைவிடச் சற்று இளகிய) பிளாங்க் வேண்டும். ஏப்ரல் மாதத்தில் டெட்ராய்ட் ஆற்றின் ஓட்டத்தில், முக்கால் அவுன்ஸ் ஜிக்கைப் படகுக்கு நேர்க்கீழே இறக்கிப் பிடிப்பவருக்கு அதே பிளாங்க் ஈரத் துணி போலத் தொங்கும். எடை எங்கே இருக்கிறது, தரை எங்கே இருக்கிறது என்று அவரால் பிரித்தறிய இயலாது. தக்கை கட்டிப் பிடிப்பவருக்கு, தளர்ந்து மிதக்கும் நரம்பை ஒரே வீச்சில் இழுத்துச் சேர்க்க ஏழரை அடி, எட்டு அடி நீளம் தேவைப்படுகிறது. படகை ஓட்டிக்கொண்டே கிராங்க்பெய்ட் என்ற மீன் வடிவச் செயற்கை இரையை இழுத்துச் செல்பவருக்கு எட்டரை அடி நீளமும், நடுப்பகுதி வரை வளையும் மெதுவான குணமும் வேண்டும். ஆகவே நீர்நிலை, முறை, ஜிக்கின் எடை, நரம்பின் வகை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி முடித்த பிறகே விற்பனைப் பட்டியலைத் திறக்க வேண்டும். இரண்டு முறைகளுக்கு ஒரே பிளாங்க் போதும் என்று நினைப்பவர்கள், அதிகம் கையாளும் முறைக்கு மட்டும் அதைக் கட்டிக்கொள்வது நல்லது.

பிளாங்க்கில் ஒட்டியுள்ள பவர் சொல்லை நம்புவது

இத்தனை ஆண்டுகள் கழிந்தும் என்னை எரிச்சலடையச் செய்யும் தவறு இதுதான்.

நான் கட்டிய மூன்றாவது கோலுக்கு ஆறரை அடி நீளத்தில், மீடியம் லைட் பவர் (வளைக்கத் தேவைப்படும் எடை), ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (வளைவு நிகழும் இடம்), ஜிக் எடை எட்டில் ஒரு அவுன்ஸ் முதல் எட்டில் மூன்று அவுன்ஸ் வரை என்று அச்சிட்ட பிளாங்க் ஒன்றை வரவழைத்தேன். வேறொரு தயாரிப்பாளரிடமிருந்து வாங்கி முன்பே கட்டியிருந்த கோல் ஒன்றிலும் இதே மூன்று விவரங்கள் அச்சிடப்பட்டிருந்தன. அந்தக் கோல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆகவே புதியதும் அதைப் போலவே இருக்கும், எடை மட்டும் சற்றுக் குறையும் என்று உறுதியாக நம்பினேன். டைட்டானியச் சட்டம் கொண்ட வளையங்களை வாங்கினேன். கார்க் வளையங்களை ஒவ்வொன்றாக ஒட்டி, கடைந்து, என் உள்ளங்கை அளவுக்குப் பிடியைச் செதுக்கினேன். மூன்று வார இறுதிகள் அதற்காகச் செலவாயின. பிளாங்க்கின் விலையைவிட அதன்மேல் நான் ஏற்றிய பொருள்களின் விலை அதிகம்.

மே மாதத்தில் ஒன்டாரியோவின் குவின்ட்டே விரிகுடாவில் பன்னிரண்டு அடி ஆழத்தில் அந்தக் கோலை முதன்முறையாக நீருக்குக் கொண்டுபோனேன். எட்டில் ஒரு அவுன்ஸ் ஜிக்கை வீசினால் நுனி வளையவே இல்லை. கையின் வேகத்தில் மட்டும் ஜிக் பறந்து, பாதித் தொலைவில் விழுந்தது. தரையைத் தொட்டதா, இல்லையா என்பது நரம்பைக் கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. காலை பத்து மணிக்குள் என்னுடன் படகில் இருந்த நண்பர் தம் பழைய கடைக் கோலால் நான்கு மீன்களை ஏற்றியிருந்தார். எனக்கு இரண்டு தட்டுகள் வந்தன. இரண்டிலும் நான் கோலை உயர்த்துவதற்குள் மீன் போய்விட்டது. கரைக்கு வந்து ஜிக்கில் இருந்த மென்பிளாஸ்டிக் வாலைப் பார்த்தேன். முள்ளுக்குப் பின்னால் பற்களின் வரிசை தெளிவாகப் பதிந்திருந்தது. இரையை வாய்க்குள் எடுத்த மீன், நுனியின் விறைப்பை உணர்ந்து அப்படியே துப்பியிருக்கிறது.

நிகழ்ந்தது எளிமையானது. மீடியம் லைட் என்பதற்கு எல்லாத் தயாரிப்பாளர்களையும் கட்டுப்படுத்தும் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் மீடியம் லைட், இன்னொரு நிறுவனத்தின் மீடியத்துக்குச் சமமாக இருக்கலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு தொடர்களுக்குள்ளேகூட அந்தச் சொல் ஒரே பொருளைத் தருவதில்லை. அச்சிட்ட எடை வரம்பும் தயாரிப்பாளரின் மதிப்பீடுதான். அந்தச் சொல்லை நம்பிப் பணத்தைக் கட்டுபவர், பெயர்ப்பலகையைப் பார்த்துச் செருப்பு வாங்குபவரைப் போன்றவர்.

கடையில் கோலைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் உதவாது. ஆட்டும்போது கோல் எவ்வளவு விரைவாக அதிர்ந்து அடங்குகிறது என்பதைத்தான் கை உணரும். எவ்வளவு எடைக்கு எவ்வளவு வளையும் என்பது அதில் தெரியாது. இலேசான, விறைப்பான பிளாங்க் ஆட்டும்போது உயிருள்ளது போலத் துடிக்கும். அந்தத் துடிப்பில் மயங்கிப் பணம் கட்டியவர்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன்.

இதற்குத் தீர்வு நீண்ட காலமாகவே இருக்கிறது. வில்லியம் ஹானெமன் என்ற அமெரிக்கர் காமன் சென்ட்ஸ் என்ற அளவீட்டு முறையை வகுத்தார். பிளாங்க்கின் அடிப்பகுதியை மேசையில் கிடைமட்டமாக இறுக்கிக்கொள்ள வேண்டும். நுனியில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுனி கீழே இறங்கும்வரை பையில் ஒரு சென்ட் காசுகளைப் போட வேண்டும். ஆறரை அடி என்றால் 78 அங்குலம். ஆகவே நுனி 26 அங்குலம் இறங்க வேண்டும். எத்தனை காசு என்பது அந்தப் பிளாங்க்கின் உண்மையான பவர். அந்த நிலையில் நுனி கிடைமட்டத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பது அதன் ஆக்‌ஷன். 1982-க்குப் பிறகு வந்த அமெரிக்க சென்ட் 2.5 கிராம் எடையுள்ளது. கனடாவில் 2013-ஆம் ஆண்டிலிருந்து ஒரு சென்ட் காசு புழக்கத்துக்கு விடப்படுவதில்லை. ஆகவே நான் இரும்பு வாஷர்களைப் பையில் இட்டு, பையை அப்படியே சமையலறைத் தராசில் நிறுத்து, வரும் கிராமை 2.5-ஆல் வகுத்துக்கொள்கிறேன். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை இது.

அந்த மே மாதம் வீடு திரும்பியதும் என் இரண்டு கோல்களையும் இப்படி அளந்தேன். ஒரே சொல் அச்சிட்ட இரண்டில், புதியது பழையதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடை கேட்டது. வளையங்களை மட்டும் நூலை அறுத்து மீட்டேன். எபாக்சியில் இறுகிய கார்க் பிடியைப் பெயர்க்க முயன்றபோது அது துண்டு துண்டாகப் போயிற்று.

அன்றிலிருந்து நான் இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்கிறேன். உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு கோல் இருந்தால், அதை முதலில் அளந்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய பிளாங்க்குக்கு இந்த எண் இருந்தால் அனுப்புங்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள், பலர் தருகிறார்கள். எண் கிடைக்காவிட்டால், பிளாங்க் வந்த அன்றே, ஒரு சொட்டு பசையும் படுவதற்கு முன் அளந்து பாருங்கள். வெட்டாத, ஒட்டாத பிளாங்க்கைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதையும் வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

ஃபாஸ்ட் என்றால் கடினம் என்று நினைப்பது

பவர் என்பது வளைக்கத் தேவைப்படும் எடை. ஆக்‌ஷன் என்பது வளைவு எங்கே நிகழ்கிறது என்பது. ஃபாஸ்ட் பிளாங்க் முதலில் நுனிப்பக்கத்தில் வளைந்து, கீழ்ப்பகுதியைச் சுமைக்காக வைத்துக்கொள்கிறது. மாடரேட் பிளாங்க்கின் வளைவு நடுப்பகுதி வரை இறங்கும். ஆகவே மெல்லிய பவரும் ஃபாஸ்ட் ஆக்‌ஷனும் ஒரே பிளாங்க்கில் இருப்பதில் முரண் எதுவும் இல்லை. ஜிக் போடுபவருக்கு அந்தச் சேர்க்கைதான் தேவை. பின்னல் நரம்பு ஏறக்குறைய நீளவே நீளாது என்பதால், கிராங்க்பெய்ட்டை இழுத்துச் செல்பவர் ஃபாஸ்ட் கோலைக் கட்டினால், படகின் வேகத்தில் மோதும் மீனின் வாயிலிருந்து முள் கிழித்துக்கொண்டு வெளியேறும். அவருக்கு மாடரேட்தான் சரி.

மாடுலஸ் எண்ணைத் தரமாக எடுத்துக்கொள்வது

ஐஎம்6, ஐஎம்7, ஐஎம்8 என்பவை ஹெக்ஸெல் நிறுவனத்தின் கார்பன் இழைகளுக்கான வணிகப் பெயர்கள். அவை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்பது போன்ற தர வரிசை அல்ல. இழையின் விறைப்பை மட்டும் மாடுலஸ் சொல்கிறது. பிசின் எவ்வளவு, துணி எந்தத் திசையில் சுற்றப்பட்டது, அச்சின் சரிவு என்ன என்பதை அது சொல்லாது, பிளாங்க்கின் குணத்தை முடிவு செய்பவை இவையும்தான். மாடுலஸ் உயர்ந்தால் அதே விறைப்பை மெல்லிய சுவரிலேயே பெறலாம், எடையும் குறையும். ஆனால் அந்த மெல்லிய சுவர் அடி தாங்காது; படகின் விளிம்பில் ஒருமுறை இடித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, இரண்டு மாதம் கழித்து ஒரு சிறு மீனுக்கே முறியும். இழுத்துச் செல்லும் கோலுக்கு உயர் மாடுலஸ் வாங்குவது பண விரயம். சாதாரண கண்ணாடி இழைக்கு, சாதாரண கார்பனின் விறைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உண்டு. அந்த இளக்கம்தான் அங்கே பயன்படுகிறது.

நுனியை வெட்டி நீளத்தைக் குறைப்பது

செய்யாதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அடியில் வெட்டுங்கள்.

கூரையில் நுனியை அழுத்திப் பார்ப்பது

முறியும்.

முதுகுப் பக்கத்தைத் தேடி வாரக்கணக்கில் குழம்புவது

எல்லாப் பிளாங்க்கிலும் சற்று விறைப்பான ஒரு பக்கம், அதாவது முதுகு, இருக்கும். அதில் கட்டினால் கோல் முறுக்கிக்கொள்ளாது என்ற நம்பிக்கை பழையது. வளையங்கள் மேலே அமைந்த கோலை முறுக்குவது நரம்பின் இழுப்புதான், பிளாங்க்கின் முதுகு அல்ல. பிளாங்க் எந்தப் பக்கம் நேராக நிற்கிறதோ அந்தப் பக்கத்தில் கட்டுங்கள்.

வெறும் பிளாங்க்கின் குணமே முடிந்த கோலிலும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது

வளையங்கள், நூல், எபாக்சி எல்லாம் நுனிப்பக்கத்தில் ஏறும் சுமைகள். ஒரு கிராம் நுனியில் ஏறினால், அடியில் பத்து கிராம் ஏறியதைவிட அதிகமாக உணரப்படும். பெரிய சட்டமுள்ள வளையங்களை வரிசையாக வைத்து, அவற்றின் கால்களை எபாக்சியில் மூழ்கடித்துவிட்டு, இந்தப் பிளாங்க் மந்தமாக இருக்கிறது என்று குறைப்படுவது நியாயமில்லை. பிளாங்க்கைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே வளையங்களின் அளவையும் எண்ணிக்கையையும் முடிவு செய்துவிட வேண்டும். நான் வளையங்களை ஒட்டும் நாடாவால் தற்காலிகமாகப் பிணைத்து, நுனியின் ஆட்டத்தைப் பார்த்த பிறகே நூலைத் தொடுகிறேன்.

இந்த மார்ச்சில் வந்த மூவரில் ஓர் இளைஞர், குவின்ட்டே விரிகுடாவில் ஜிக் போடுவதற்காக ஒரு மீடியம் லைட் பிளாங்க்கைக் கொண்டுவந்திருந்தார். என் மேசையில் இறுக்கி அளந்தோம். வாஷர் பை நிறைந்துகொண்டே போயிற்று, நுனியோ குறிக்கப்பட்ட கோட்டுக்கு வெகு மேலேயே நின்றது. அவருடைய முகம் வாடிவிட்டது. விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தும் அவர் அனுப்பவில்லை. முக்கால் அவுன்ஸ் ஜிக்கை அதன் நுனியில் கட்டித் தொங்கவிட்டபோது அது அழகாக ஒரு விரலளவு தாழ்ந்து நின்றதைப் பார்த்துவிட்டு, டெட்ராய்ட் ஆற்றுக்கென்று அதை ஒதுக்கி வைத்தார். விரிகுடாவுக்கான பிளாங்க்கை எண் கேட்டு வரவழைத்திருக்கிறார். அது அடுத்த வாரம் வந்து சேரும்.