கோர்ட் ஸ்டெனோ பயிற்சி: சுருக்கங்களில் செய்யக்கூடாத தவறுகள்

பிட்மன் சுருக்கெழுத்துப் பாடங்களை முடித்துவிட்டு சீனியர் தேர்வுக்குத் தயாராகும்போது பலருக்கும் ஓர் ஆசை வரும். தீர்ப்புகளில் வரும் சொற்றொடர்களுக்கெல்லாம் ஒரு சுருக்கம் செய்து மனப்பாடம் பண்ணிவிட்டால் வேகம் தானாக வந்துவிடும் என்று. சுருக்கம் வேண்டும்தான். 'லேர்னட் கவுன்சல் அப்பியரிங் ஃபார் த பெட்டிஷனர்' என்பதை ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதிக்கொண்டிருந்தால் நீதிபதி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார். ஆனால் எழுதும்போது கையும் படிக்கும்போது கண்ணும் தயங்கினால் அந்தச் சுருக்கத்தால் லாபம் இல்லை.

ஒரே வாரத்தில் நூறு சுருக்கங்களைத் திணித்துக்கொள்கிறவர்கள் மாட்டுவது இங்கேதான். சீனியர் வேகம் நிமிடத்துக்கு 120 சொல், அதாவது விநாடிக்கு 2. 'இதுக்கு என்ன போட்டோம்?' என்று ஒரு விநாடி யோசித்தாலே 2 சொல் போச்சு. முழு அவுட்லைனை, அதாவது சொல்லின் முழுச் சுருக்கெழுத்து வடிவத்தை, எழுதியிருந்தால்கூட அவ்வளவு நேரம் ஆகியிருக்காது. வாரத்துக்கு ஐந்தாறு போதும். அதுவும் உங்கள் டிக்டேஷனில் அடிக்கடி வந்து கையை இழுத்துப் பிடித்த சொற்களாக இருக்கட்டும். இன்ஸ்டிட்யூட்டில் யாரோ கொடுத்த நோட்டை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம். அவர் கைப்பழக்கம் வேறு. டிக்டேஷன் ஓடும்போதே புதுச் சுருக்கம் கண்டுபிடிப்பது அதைவிட மோசம். அரை மணி நேரம் கழித்துத் தட்டச்சில் உட்காரும்போது எழுதியவருக்கே அது புரியாது.

பெரிய ஆபத்து, ஒரே மாதிரி தெரியும் சுருக்கங்கள். ப்ளெயின்டிஃப், பெட்டிஷனர், ப்ராசிக்யூஷன் மூன்றையும் வெறும் 'பி' ஸ்ட்ரோக்கில் (ஒரே கோட்டில்) அடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. 'பார்ட்டி'க்கும் பிட்மனில் அதே ஸ்ட்ரோக்கைத்தான் குறுக்கே வெட்டிப் போடுகிறோம். சாட்சி பி.டபிள்யூ. 3-ஐயும் ஆவணம் எக்ஸிபிட் பி. 3-ஐயும் 'பி 3' என்றே குறித்தால், சொன்னது சாட்சியா, காட்டியது பத்திரமா என்று பிறகு யாரைக் கேட்பது? ப்ராசிக்யூட், பெர்சிக்யூட் போன்ற ஜோடிகளுக்குப் பாடப்புத்தகமே தனித்தனி அவுட்லைன் தருகிறது. பலரும் புரட்டிவிட்டுப் போகும் பக்கம் அது.

இப்போது புதிதாக ஒரு கண்ணி சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) இடத்தில் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா), சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) இடத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா). பி-என் போட்டு கடைசியில் வட்டம் சேர்த்தால் எளிதாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் சின்ன வட்டம் ஒரு எஸ், பெரிய வட்டம் இரண்டு எஸ். அவசரத்தில் வட்டத்தின் அளவை யார் பார்ப்பார்? இரண்டில் ஒன்றுக்கு வேறு வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.சி. சுருக்கத்தையும் மறந்துவிடாதீர்கள், அந்தத் தேதிக்கு முந்தைய குற்றங்களுக்கான வழக்குகளில் அது இன்னும் வரும். கொலைக்கான தண்டனைப் பிரிவு பழையதில் 302, புதியதில் 103. பிரிவு எண்ணைச் சுருக்கவே கூடாது, இலக்கத்தில் எழுத வேண்டும்.

'நாட்' என்ற சொல் தனிக் கவனம் கேட்கும். பிட்மன் ஃபிரேஸ்களில், அதாவது பல சொற்களைச் சேர்த்து ஒரே வடிவமாக எழுதும்போது, 'ஐ ஆம் நாட்', 'யூ வில் நாட்' போன்றவற்றில் மறுப்பு முழுக்க 'என்' (N) ஒலிக்கான ஒரு குட்டிக் கொக்கியிலும் பாதி நீள ஸ்ட்ரோக்கிலும் தொங்குகிறது. வேகம் ஏற ஏற முதலில் கரைவது கொக்கிதான். அது போனால் 'நிரூபிக்கப்படவில்லை' என்பது 'நிரூபிக்கப்பட்டது' ஆகிவிடும். என்னைக் கேட்டால், தீர்ப்பின் முடிவுப் பகுதியில் 'நாட்'டைப் பிரித்தே எழுதலாம். கால் விநாடி போனால் போகட்டும்.

நீளமான ஃபிரேஸ்களிலும் அளவு தேவை. நீதிபதி ஃபைலைப் புரட்டிக்கொண்டே சொல்வார், நடுவில் நிறுத்துவார், அடித்துவிட்டு மாற்றிச் சொல்வார். ஆறேழு சொல்லை ஒரே கோட்டில் பிணைக்கக் காத்திருந்தால், அவர் வாக்கியத்தைத் திருப்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். மூன்று நான்கு சொற்களில் நிறுத்தினால் அடித்துத் திருத்துவது சுலபம்.

அப்புறம், எடுத்த டிக்டேஷனை அன்றே தட்டச்சு செய்தால் நினைவு உதவிக்கு வந்துவிடும். சுருக்கம் தேறியதா என்று தெரியாது. இரண்டு நாள் கழித்துப் படித்துப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்களோ, அந்தச் சுருக்கத்தை நோட்டிலிருந்து அடித்துவிட்டு அந்தச் சொல்லை முழு அவுட்லைனாகவே எழுதுங்கள்.