கத்தரிக்காய் என்ற பெயருக்கு வேர் தேடும்போது செய்யக் கூடாதவை

போன வாரம் ஒரு இளைஞர் தன் கட்டுரையை என்னிடம் படிக்கக் கொடுத்தார். ‘கத்தரிப்பதற்குரிய காய், அதனால் கத்தரிக்காய்’ என்று இரண்டாவது வரியிலேயே முடித்துவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் எழுதினேன். சந்திப்பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், இதை அப்படி விட முடியாது.

ஒலியை மட்டும் வைத்து வேர் சொல்வது

கத்தரிக்கோலுக்கும் கத்தரிக்காய்க்கும் ஒலி ஒன்றுபோல இருக்கிறது, சரி. வேறு சான்று என்ன? நறுக்குவதுதான் காரணம் என்றால் வெண்டைக்கும் புடலைக்கும் அந்தப் பெயர் ஏன் வரவில்லை? இதைக் கேட்காமலே காய்கறிப் பெயர்கள் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, கைக்காசில் 500 படிகள் அச்சிட்டேன். நாகர்கோவில் பக்கத்து அத்தை ஒருவர் படித்துவிட்டுக் கேட்டார்: “எங்க ஊர்ல இத வழுதலங்கான்னுதான் சொல்லுவோம். அதுல கத்தரி எங்க வந்துச்சு தம்பி?”

பதில் இல்லை. அப்புறம்தான் தேடினேன். ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடலில் வரகரிசிச் சோற்றோடு வருவது ‘வழுதுணங்காய் வாட்டு’. மலையாளத்தில் வழுதன, கன்னடத்தில் பதனெ, தெலுங்கில் வங்க. இத்தனை உறவுகளோடு ஒரு பழைய பெயர் பக்கத்திலேயே இருக்க, நான் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு கதை கட்டியிருக்கிறேன். விற்காத படிகளில் அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு மறுபடி அச்சடித்துச் சேர்த்தேன். விற்றுப்போனவற்றை என்ன செய்வது? அந்தப் பிழையை இன்னும் யாரோ மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

‘பிரிஞ்சால்’ வெள்ளைக்காரன் சொல் என்பது

போர்த்துக்கீசிய ‘பெரின்ஜெலா’ வழியாக வந்தது. அதற்குப் பின்னால் அரபியின் பாதிஞ்ஜான், பாரசீகத்தின் பாதிங்கான், சமஸ்கிருதத்தின் வாதிங்கண. அந்த வாதிங்கணவையே வழுதுணையின் திராவிட உறவுகளோடு இணைக்கும் அறிஞர்கள் உண்டு. திராவிடம் என்றால் தமிழ் மட்டும் என்று உடனே தாவிவிடாதீர்கள்.

இத்தாலியர்களும் நம்மைப் போலத்தான். கத்தரிக்காய்க்கு அவர்கள் சொல்லும் ‘மெலன்சானா’வை ‘மேலா இன்சானா’ என்று பிரித்து, பைத்தியக்கார ஆப்பிள் என்று பொருள் சொன்னார்கள்.

கத்திரி வெயிலோடு முடிச்சுப் போடுவது

வேண்டாம். கத்தரி ஆண்டு முழுக்கக் காய்க்கிறது.

‘எக்பிளான்ட்’ என்றதும் ஊதாக் காயை நினைப்பது

ஆங்கிலத்தில் கத்தரிக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தது முட்டை போல வெள்ளையாகக் காய்க்கும் சிறு வகை.